எந்த ரைபிளுக்குக் கைவேலைக் கட்டை செய்யலாம்? டெல்டா வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய மிராசு வீடுகளில் இருக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகள் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். 12 போர் இரட்டைக்குழல், அரசுத் தொழிற்சாலையின் .315 ரைபிள் (இந்த எண் அங்குலத்தில் குழல் அளவு), அரிதாக ஒரு செக் நாட்டு பிர்னோ .22 அல்லது ஆங்கிலக் கம்பெனியான பி.எஸ்.ஏ. மார்ட்டினி .22, இன்னும் அரிதாக மவுசர் ஆக்‌ஷனில் (தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் இரும்புப் பகுதிதான் ஆக்‌ஷன்) செய்த ஐரோப்பிய வேட்டை ரைபிள். லைசென்ஸ் தேவைப்படாத ஏர் ரைபிளையும் சேர்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் பீரோ மேல் கிடந்து கட்டை, அதாவது பிடித்துத் தோளில் வைக்கும் மரப்பகுதி, வெடித்தவை, கை பிடிக்கும் ஒடுங்கிய கழுத்தில் கம்பி சுற்றிக் கட்டியவை, வார்னிஷ் உரிந்து திட்டுத் திட்டாக நிற்பவை இவற்றில் நிறைய.

எல்லாவற்றுக்கும் புது மரம் போட வேண்டியதில்லை. இரும்பு நல்ல நிலையில் இருந்து, மரம் மட்டும் கெட்டுப்போன துப்பாக்கிக்குத்தான் கைவேலைக் கட்டை. இரும்பு போனதற்கு மரம் போட்டால் காசு வீண். மரமும் இரும்பும் இரண்டுமே நன்றாக இருந்தால் கை வைக்கவே கூடாது.

முதலில் லைசென்ஸ் புத்தகத்தை எடுங்கள்

2019ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்க முடியாது. முன்பு மூன்று. லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது. ஆகவே வீட்டில் எது நிற்கப் போகிறது, எது கைமாறப் போகிறது என்பதை முடிவு செய்த பிறகே மரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்பா பெயரில் இருப்பது அடுத்து யார் பெயருக்குப் போகும், அவர் அதை எடுத்துச் சுடுவாரா என்பதும் இந்தக் கணக்கில் வரும். வாரிசுக்கு மாற்றுகிற மனு நடந்துகொண்டிருக்கும்போது கட்டை வேலை ஆரம்பிக்காதீர்கள். துப்பாக்கி கடையில் பிரிந்து கிடக்கும்போது ஆய்வுக்குக் கொண்டுவரச் சொன்னால் சிக்கல்.

துப்பாக்கியை வீட்டுக்கு வரும் ஆசாரியிடம் கொடுத்து அனுப்பக் கூடாது. எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் சரி. பழுதுபார்க்கும் உரிமம் உள்ள ஆயுதக் கடையில்தான் ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கி எண் எழுதிய ரசீது வாங்க வேண்டும். நல்ல மரவேலைக்காரர் வேண்டுமென்றால் கடைக்காரரோடு பேசி, அவர் கடைக்குள்ளேயே, அவர் பொறுப்பிலேயே வேலை நடக்க ஏற்பாடு செய்யுங்கள். குழலை ஒரு அங்குலம்கூடக் குறைக்கச் சொல்லாதீர்கள், அது தனிக் குற்றம். இரும்பில் உள்ள எண்ணையும் முத்திரையையும் அரம் தொடக் கூடாது.

'வேட்டைத் துப்பாக்கி' என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பிறகு வேட்டை கிடையாது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய லைசென்ஸ் இருந்தாலும், வயலில் இறங்கும் பன்றியையோ மயிலையோ அதை வைத்துச் சுட முடியாது. இன்று இந்த ரைபிள்கள் இலக்குப் பயிற்சிக்கும் குடும்பச் சொத்தாகவும்தான் நிற்கின்றன. அளவு எடுக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோளில் மாட்டிக் காட்டில் அலையப் போவதில்லை, ரேஞ்சில் நின்றோ உட்கார்ந்தோ சுடப் போகிறீர்கள்.

இரும்பைச் சோதிக்கும் முறை

தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, குழலைச் சுத்தம் செய்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். குண்டைச் சுழற்றும் உள்வரிகள் கூர்மையாகக் கடைசிவரை ஓட வேண்டும். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது துரு அரித்த குழி. பழைய தோட்டாக்களின் கேப்பில் இருந்த ரசாயனம் சுட்டபின் உப்பாகக் குழலில் தங்கும். அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவாமல் வெறும் எண்ணெய் போட்டு வைத்த துப்பாக்கிகள் எல்லாம் இப்படித்தான் அரித்தன. வேதாரண்யம், நாகைப் பக்கம் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி இருந்தால் பரவாயில்லை. முன்வாயிலிருந்து நாலு அங்குலத்துக்குள் குழி நெருக்கமாக இருந்தால் குறி நிற்காது.

குழலுக்குள் ஒரே இடத்தில் வளையம்போல் நிழல் விழுந்தால் குழல் வீங்கியிருக்கிறது. அத்தோடு அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுங்கள். முன்வாயில் வரிகள் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பக்கமிருந்து இரும்புக் கம்பி விட்டுத் துடைத்தவர்கள் செய்த வேலை அது. போல்ட் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள ஹெட்ஸ்பேஸ் அளவைக் கடைக்காரர் கேஜ் போட்டுச் சொல்ல வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது.

பிறகு, பழைய கட்டை உடையாமல் இருந்தால், ரேஞ்சில் 50 மீட்டரில் ஐந்து தோட்டா. குண்டு காகிதத்தில் குறுக்காகப் படுத்துக் கிழித்திருந்தால் குழல் முடிந்தது. வட்ட ஓட்டையாக விழுந்து, ஆனால் இடம் மாறி மாறி விழுந்தால் பெரும்பாலும் மரத்தின் குற்றம். அந்த ரைபிள்தான் புதுக் கட்டைக்குத் தகுதியானது.

வகைவாரியாக எங்கள் தீர்ப்பு

.315 ரைபிள். ராணுவத் தோட்டாவான .303 தனியாருக்குக் கிடையாது என்பதால் வந்த அளவு இது. லீ என்ஃபீல்டு இயந்திரத்தை வைத்து இஷாப்பூர் தொழிற்சாலை செய்தது. தோட்டா உள்நாட்டிலேயே தயாராகிறது. குழல் பல வீடுகளில் அதிகம் சுடப்படாமல் நன்றாக இருக்கும். தொழிற்சாலைக் கட்டையோ சாதாரண மரம், உட்பொருத்தமும் சுமார்தான். முதல் தேர்வு இதுதான். எடுத்தால் பெருமை பேச ஒன்றுமில்லாத ரைபிள் என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் மரத்தைச் சரியாக உட்கார வைத்தால் அதிகம் தேறும் ரைபிள் இதுவே.

பிர்னோ, மார்ட்டினி .22. உதை கிடையாது. ஆகவே வலு குறைந்தாலும் ரேகை அழகான மரத்தைத் தைரியமாகப் போடலாம். ஆசைக்கு ஒன்று செய்ய வேண்டுமென்றால் இதற்குச் செய்யுங்கள். பிர்னோவின் மூலக் கட்டையை மட்டும் எறிந்துவிடாதீர்கள், துணியில் சுற்றிப் பத்திரப்படுத்திவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

மவுசர் ஆக்‌ஷன் ஐரோப்பிய ரைபிள், பெயர் பெற்ற ஆங்கிலக் கம்பெனி ரைபிள். 1980களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி நின்றுபோனதால் இவற்றுக்கு மாற்று கிடையாது. மூலக் கட்டையோடு இருந்தால்தான் மதிப்பு. வெடிப்பை ஒட்டுங்கள், கழுத்துக்குள் பித்தளைக் கம்பி செருகி வலுவாக்குங்கள், மேற்பூச்சைப் புதுப்பியுங்கள். மாற்றாதீர்கள். இதற்குத் தோட்டா கிடைக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. தோட்டா இல்லாத ரைபிளுக்குப் புதுக் கட்டை செய்து யார் சுடப் போகிறார்கள்?

இரட்டைக்குழல் 12 போர். இதில் புதுக் கட்டை செய்வது ரைபிளைவிடக் கடினம். இரும்பின் வளைவுகளுக்குள் மரம் செதுக்கி உட்கார வேண்டும், நாட்டில் அதைச் சரியாகச் செய்யும் கைகள் குறைவு. பெரும்பாலான கேடு, இரும்போடு மரம் சேரும் தலைப்பகுதியில் எண்ணெய் ஊறிக் கறுத்து மெத்தென்று ஆனதுதான். குழலை மேலே வைத்து நிறுத்தியதால் எண்ணெய் வழிந்து அங்கே இறங்கியிருக்கும். சுண்ணாம்புக் கட்டிப் பொடியை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசி, காயவைத்து, தட்டி எடுத்து, எண்ணெய்க் கறை வெள்ளையில் ஏறாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தால் பல கட்டைகள் பிழைத்துவிடும். குழலில் வரிவரியாகப் பூவேலைபோல் இருந்தால் அது டமாஸ்கஸ் குழல். இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. சுவரில் மாட்ட வேண்டியதற்குப் புதுக் கட்டை எதற்கு?

ஏர் ரைபிள். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டாம், ஆசாரி வீட்டிலேயே வேலை நடக்கலாம். புது மரவேலைக்காரரின் கையைச் சோதிக்க நல்ல இடம். ஸ்பிரிங் ரைபிள் முன்னும் பின்னும் இரண்டு பக்கம் உதைக்கும். ஸ்க்ரூ தலைக்குக் கீழே உலோகக் கிண்ணம் வைக்காவிட்டால் மரத்தை நசுக்கிக்கொண்டு ஸ்க்ரூ உள்ளே போய்விடும்.

மரம்

உலகம் முழுக்க வால்நட்தான் கேட்பார்கள், நம் நாட்டில் அது காஷ்மீர் மரம். எடை குறைவு, உளிக்கு இதமாக வெட்டும், வெடிக்காது. காய்ந்த துண்டு கிடைத்தால் யோசிக்காதீர்கள். ஆனால் டெல்டாவில் வீட்டு வாசலிலேயே நிற்கும் பூவரசைப் பலரும் மறந்துவிட்டார்கள். தென்னிந்தியாவில் வண்டிச் சக்கரத்துக்கும் துப்பாக்கிக் கட்டைக்கும் பழைய காலத்திலிருந்தே பயன்பட்ட மரம் அது. செம்பழுப்பு நிற வைரம், அடர்த்தியான நார், உதையைத் தாங்கும். .315க்கு எங்கள் சிபாரிசு பூவரசுதான். வெள்ளைப் பகுதி ஒரு நூல்கூட இருக்கக் கூடாது, துளைப்பூச்சி அங்கேதான் ஏறும். கிழ மரத்தில் நடுவில் பொந்து இருக்கும். ஆகவே வெட்டிப் பிளந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

வாகையும் நல்ல மரம். வியாபாரத்தில் அதற்குக் கிழக்கிந்திய வால்நட் என்றே பெயர். தூள் மூக்கில் ஏறித் தும்மல் பிடுங்கும், முகமூடி வேண்டும். தஞ்சாவூர் வீணைக்குப் போகும் பலா, .22க்கும் ஏர் ரைபிளுக்கும் பொருந்தும். உதை பலமான ரைபிளின் கழுத்துக்கு வேண்டாம். ஈட்டி அழகு, வலு, ஆனால் கனம். குழலுக்கு அடியில் வரும் முன்கட்டை கனத்துக் குழல் தாழும். அதற்கான அரசு அனுமதிக் காகிதம் இல்லாத மரத்தையும் தொடாதீர்கள். பழைய வீட்டைப் பிரித்த பர்மா தேக்குத் தூணைக் கொண்டுவந்து ‘இதில் செய்யுங்கள்’ என்று கேட்பவர்கள் அதிகம். நூறு வருஷம் காய்ந்த மரம் என்பது உண்மை, இனி முறுக்காது. ஆனால் தேக்கு நேர்நாரில் பிளக்கும், அதன் எண்ணெய்ப் பசையில் அரால்டைட் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டும் முகத்தை அசிட்டோன் போட்டுத் துடைத்த கையோடு ஒட்ட வேண்டும். .22க்கு மேல் தேக்கு வேண்டாம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த மரங்களில் அறுத்த பலகைகள் இன்னும் சில வீடுகளில் அடுக்கிக் கிடக்கும். காய்ச்சல் நன்றாக ஆகியிருக்கும், ஆனால் கவனம் வேண்டும். காற்று வளைத்து முறித்த மரத்தில் நாருக்குக் குறுக்கே மயிரிழை போன்ற முறிவுகள் உள்ளே ஒளிந்திருக்கும். பலகையை இழைத்து, ஸ்பிரிட் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஈரம் காயும்போது குறுக்குக் கோடு மட்டும் கொஞ்ச நேரம் கறுப்பாக நிற்கும். அப்படி ஒரு கோடு தெரிந்தாலும் அந்தத் துண்டு விறகுக்குத்தான்.

ஒரே துண்டுக் கட்டைக்கு 34 அங்குல நீளம், இரண்டரை அங்குல கனம், பின்பக்கம் 7 அங்குல அகலம் வேண்டும். .315 இரண்டு துண்டுக் கட்டை என்பதால் பின்கட்டைக்கு 18 அங்குலம் போதும், முன்கட்டையை அதே பலகையிலிருந்து எடுங்கள், நிறம் ஒத்துப்போகும். பக்கவாட்டில் பார்க்கும்போது ரேகை கழுத்தின் நீளத்தோடு ஓட வேண்டும். கழுத்துக்குள்ளேயே ரேகை மேலிருந்து கீழே வெட்டி இறங்கினால் ஒருநாள் அங்கேதான் முறியும். சுழி, முடிச்சு, பூ ரேகை எல்லாம் கன்னம் படும் இடத்துக்குப் பின்னால் வரட்டும்.

பச்சை மரம் காய ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுக் கணக்கு. இரண்டரை அங்குலத்துக்கு இங்கே மூன்று வருஷம் வையுங்கள், ஐப்பசி கார்த்திகை மழை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் ஈரத்தைத் திருப்பி ஏற்றிவிடும். இரண்டு முனையிலும் மெழுகு பூசி, நிழலில், தரைபடாமல் அடுக்குங்கள். மாசி முதல் வைகாசி வரை மாதம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் எடை மாறாவிட்டால்தான் உளி தொடலாம்.

அளவு

ட்ரிகரிலிருந்து பின்முனை வரையான நீளம்தான் முதல் அளவு. தொழிற்சாலைக் கட்டைகள் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஐந்தரை அடி ஆளுக்குப் பதின்மூன்று போதும். காலி ரைபிளைத் தோளில் வைத்துப் பிடிக்கும்போது கட்டைவிரல் கணுவுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும். குறைந்தால் உதையில் மூக்கில் இடிக்கும். கன்னம் படும் உயரத்தைக் கண்ணை மூடிச் சோதியுங்கள். கண்ணை மூடி ரைபிளை ஏற்றி, கன்னத்தைச் சாய்த்து, பிறகு திறந்தால் குறிமுள் நேராகத் தெரிய வேண்டும். தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தால் கட்டை தாழ்வு. தொலைநோக்கி மாட்டுவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கன்னம் அரை அங்குலத்துக்கு மேல் உயர வேண்டியிருக்கும்.

மரத்தை இரும்பில் உட்கார வைப்பது

விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து இரும்பின் அடியில் மெல்லியதாகத் தடவி, மரத்தில் வைத்து, மரச்சுத்தியால் லேசாகத் தட்டி எடுங்கள். கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுங்கள். இதை நூறு முறைக்கு மேல் செய்ய வேண்டியிருக்கும். அவசரப்பட்டு உளியால் ஒரே வாங்கலாக வாங்கினால் இடைவெளி விழும், அதை எதை வைத்து நிரப்பினாலும் கண்ணுக்குத் தெரியும்.

மவுசர் வகையில் ஆக்‌ஷனுக்கு அடியில் ஒரு இரும்புப் பல் நீட்டிக்கொண்டிருக்கும். உதை முழுவதையும் அதன் பின்முகம்தான் மரத்துக்குக் கடத்துகிறது. அந்தப் பின்முகம் முழுக்க மரத்தில் படிய வேண்டும். முன்பக்கமும் பக்கங்களும் அடியும் கால் மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும். ஆக்‌ஷனின் வால்முனைக்குப் பின்னால் அரை மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம். பார்க்க நெருக்கமாக இருக்கட்டும் என்று அங்கே ஒட்ட வைத்தால், சுடும்போது வால் ஆப்பு அடித்ததுபோல் கழுத்தைப் பிளந்துவிடும். நாட்டில் கழுத்து வெடித்த கட்டைகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்போம்.

.315இல் வேறு கதை. பின்கட்டையை நீள போல்ட் ஒன்று உள்ளேயிருந்து இழுத்துப் பிடிக்கிறது. பழைய லீ அமைப்பில் அந்த போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் நுழைந்து நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் பின்போல்ட்டைத் திருகினால் முன்கட்டையின் பின்முனை பிளந்துவிடும். ஆகவே பிரிக்கும்போது முதலில் முன்கட்டை, பிறகுதான் பின்கட்டை. மாட்டும்போது தலைகீழ். முன்கட்டையின் பின்முகங்கள் இரண்டும் ஆக்‌ஷனில் சமமாக அழுந்த வேண்டும். ஒன்று அழுந்தி மற்றொன்று விலகி நின்றால், ஒவ்வொரு குண்டுக்கும் குறி நகரும், சில வருஷத்தில் அந்தப் பக்கம் வெடிக்கும். பின்கட்டையின் தலை, இரும்புக் கிண்ணத்துக்குள் சுற்றிலும் படிய வேண்டும். காகிதம் செருகி இறுக்குவது பழக்கத்தில் உண்டு, கோடையில் மரம் சுருங்கியதும் ஆடும்.

மவுசர், பிர்னோ போன்ற ஒரே துண்டுக் கட்டையில் குழலுக்கும் முன்மரத்துக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டை மடித்து ஓட்டிப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊதிக் குழலில் ஒரு பக்கம் அழுத்தினால் சித்திரையில் வைத்த குறி ஐப்பசியில் இருக்காது.

மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே அரால்டைட்டில் படுக்கை போடுவதானால் 24 மணி நேர வகையை வாங்குங்கள், ஐந்து நிமிட வகை வேண்டாம். இரும்பு முழுக்க மெழுகு பாலிஷ் இரண்டு கோட். ஸ்க்ரூ ஓட்டைகளிலும் ட்ரிகர் குழியிலும் களிமண் அடைக்க வேண்டும். ஒரு ஓட்டையை மறந்தாலும் இரும்பும் மரமும் பிரியாது.

மேற்பூச்சு, பாதுகாப்பு

பிரெஞ்சு பாலிஷ் வேண்டாம். வியர்வையும் மழையும் பட்டால் வெளுக்கும். வெறும் ஆளிவிதை எண்ணெயும் ஈரத்தைத் தடுக்காது, நம் ஊர் மழையில் பூஞ்சை பிடிக்கும். டங் எண்ணெயோ பாலியுரேத்தேன் கலந்த எண்ணெயோ மெல்லிய கோட்டாக எட்டு முதல் பத்து வரை, ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் இடைவெளி. மாசிக்கும் வைகாசிக்கும் நடுவே முடித்துவிடுங்கள். வெளிப்பக்கத்துக்குக் கண்ணாடி மாதிரி பூசிவிட்டு உட்குழியை அப்படியே விடுவது எல்லோரும் செய்யும் தவறு. உள்ளே, ஸ்க்ரூ ஓட்டைக்குள்ளே, தோள்தகட்டுக்கு அடியில் தெரியும் முனைமரத்தில் இரண்டு கோட் கூடுதலாகவே பூசுங்கள். ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

தேர்தல் வரும்போது துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே மற்றவற்றோடு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து வாரக்கணக்கில் நிற்கும். பருத்தித் துணி உறை போட்டு, கழுத்தில் கூடுதலாக ஒரு சுற்றுத் துணி கட்டிக் கொடுங்கள். ரெக்ஸின் உறை வேண்டாம், உள்ளே வியர்த்து இரும்பும் மரமும் இரண்டும் கெடும். கொடுக்கும் முன் கட்டையை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் ஸ்க்ரூ இறுக்கத்தைப் பாருங்கள். புதுக் கட்டை முதல் மழையையும் முதல் கோடையையும் பார்த்த பிறகு ஒருமுறை கடையில் கொடுத்துப் பிரித்து, கரி தடவித் திரும்பப் படிகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மரம் அடங்க அந்த ஒரு வருஷம் ஆகும், பிடி வழுக்காமலிருக்கக் கட்டம் கட்டமாகச் செக்கரிங் வெட்டுவதையும் அதுவரை தள்ளிவையுங்கள்.